புகைக்காதவர்களின் நுரையீரலும் தழும்பேறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், நுரையீரல் தழும்பேறும் நோயைப் 'புகைப்பழக்கம் உள்ளவர்கள் தேடிக்கொள்ளும் நோய்' என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தீர்கள். அதற்கு மேல் பக்கத்தைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாளில் சிகரெட்டைக் கையால் தொட்டறியாத என் அக்காவை இந்த நோய்க்குத்தான் பறிகொடுத்தேன்.

புகைப்பழக்கம் சில வகைகளுக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், காற்று நுண்ணறைகளுக்கும் இரத்த நுண்குழாய்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய திசு அழற்சியுற்றோ தழும்பேறித் தடித்தோ போகும் நோய்கள் 200-க்கும் மேற்பட்டவை என்பது தாங்கள் அறியாததல்ல. கல் உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), பூஞ்சை பிடித்த வைக்கோல், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், மார்புக்குத் தரப்படும் கதிர்வீச்சு, இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், சிறுநீர்த் தொற்றுக்கு நெடுநாள் கொடுக்கப்படும் நைட்ரோஃபியூரான்டோயின் என்று காரணங்கள் இத்தனை இருக்க, எவ்வளவு தேடியும் காரணமே பிடிபடாத வகையும் இருக்க, நோயாளியின் தலையில் பழியைப் போடுவது என்ன நியாயம்?

அக்காவுக்கு இந்த நோய் வந்தது புறாக்களால். ஜன்னல் விளிம்பில் கூடு கட்டிய புறாக்களின் எச்சத்தையும் இறகையும் ஆண்டுக்கணக்கில் அக்காதான் பெருக்கித் தள்ளினார். வறட்டு இருமலில் தொடங்கி, தலைவாரக் கையைத் தூக்கினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தபோதும் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை, வயதாகிறது என்றார்கள். இந்த நோயின் அறிகுறியாக விரல் நுனிகள் உருண்டு நகங்கள் கவிந்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஓசை கேட்கிறது என்று சொல்லி சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார். வீட்டருகே பறவைகள் உண்டா என்று முதன்முதலில் கேட்டவரும் அவரே. அதற்குள் தழும்பு வெகுவாகப் பரவிவிட்டிருந்தது. அதன் பிறகும் வந்தவர்கள் எல்லாரும் 'புகைப்பாரா?' என்றே கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் வாயில் வைப்பவை தங்கள் இதழில் வந்தது போன்ற வரிகள்தாம்.

இது இந்த ஒரு வரியோடு போகட்டும் என்றும் விட முடியவில்லை. இருமலுக்குக் கைவைத்தியம் என்று எத்தனையோ முறை பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். 8 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூட எழுதியதாக நினைவில்லை. சிற்பிகளைப் போற்றிய சிறப்பிதழின் அட்டையில், கல்தூசி மண்டலத்துக்குள் முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் நின்ற தொழிலாளியின் படத்தை அழகென்று வெளியிட்டீர்கள். அந்தத் தூசி அவர் நுரையீரலை என்ன செய்யும் என்று உள்ளே ஒரு சொல் இல்லை.

ஏறிவிட்ட தழும்பை அகற்ற மருந்து கிடையாது. இப்போது தரப்படும் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய மருந்துகளும் அது பரவும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. ஆகவே, முன்கூட்டியே கண்டறிவது ஒன்றே நோயாளிக்குக் கிடைக்கும் அவகாசம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கூடவே, வறட்டு இருமலும் நடந்தால் மூச்சிரைப்பும் நீடிப்பவர்கள் தாம் செய்த தொழில்களையும், வீட்டருகே உள்ள பறவைகளையும், உட்கொள்ளும் மருந்துகளையும் கேட்காமலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு குறிப்பையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி