அலறலுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேய்ப்பட டிரெய்லர்கள் பற்றிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி: 'கிரீச்சிடும் கதவு ஒன்று, திடீர் அலறல் நான்கு, டிரெய்லர் தயார்.' இவை எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தால் என் போன்றவர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும். டிரெய்லர் கட் செய்வதுதான் என் பிழைப்பு.

அலறலை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அதற்கு முன்னால் வரும் அமைதியை வைப்பதுதான் வேலை. ஒரு பெண் இருட்டறைக் கதவைத் திறக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏதோ இருக்கிறது என்பது பார்ப்பவருக்கும் தெரியும். பின்னணியில் ஓர் ஓசை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வரும். ரைசர் என்போம் அதை. கதவு திறக்கும் கணத்தில் அது உச்சிக்குப் போய் அறுந்துவிடும். அறை காலி. மின்விசிறிச் சத்தம், அவள் மூச்சு, துணி உரசுவது எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். ஒன்றுமே கேட்காது. அப்பாடா என்று பார்ப்பவர் தோளைத் தளர்த்துவார். அதற்கப்புறம்தான் அடி விழ வேண்டும். ஆறு ஃப்ரேம், அதாவது கால் விநாடி, முந்திவிட்டால் 'இதைத்தானே எதிர்பார்த்தோம்' என்று ஆகிவிடும். பிந்திவிட்டால் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். ஒருவர் சிரித்தால் போதும், மொத்த அரங்கமும் கைவிட்டுப் போய்விடும். அந்தக் கால் விநாடிக்காக விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாததா? 1960இல் 'சைக்கோ' படத்துக்கு வந்த டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். வீடு காட்ட வந்த தரகர் மாதிரி அதன் இயக்குநர் ஹிட்ச்காக் தானே அந்த வீட்டையும் விடுதியையும் சுற்றிக்காட்டுவார். கடைசியில் குளியலறைத் திரையை இழுப்பார், ஒரு பெண் அலறுவாள். அந்த முகம் படத்தில் அங்கே கொல்லப்படுகிற ஜேனட் லீயின் முகம் இல்லை. அதே படத்தின் இன்னொரு நடிகை, விக் வைத்த வேரா மைல்ஸ். ஒரே ஒரு அலறல், அதிலும் ஆள் மாறாட்டம். 1980இல் வந்த 'தி ஷைனிங்' டிரெய்லரில் கேமரா அசையவே அசையாது. ஒரு லிஃப்ட் கதவு, மேலே ஊர்ந்து போகும் பெயர்கள், ஓசை. ஒரு மனித முகம் கிடையாது, ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. பிறகு கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வரும். உங்கள் கட்டுரையாளரின் செய்முறையில் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்த ஒரு வரியோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். உங்கள் விமர்சனப் பக்கத்தில் பல வருடமாகவே 'டிரெய்லர் மிரட்டல், படம் சொதப்பல்' என்று எழுதி வருகிறீர்கள். நல்லதை எல்லாம் டிரெய்லரில் கொட்டிவிட்டார்களாம். யார் கொட்டச் சொன்னது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? ஒரு படத்தில் கண்ணாடிக் காட்சி ஒன்று இருந்தது. அவள் குனிந்து முகம் கழுவுவாள், பிம்பம் மட்டும் குனியாது. இதை மட்டும் தியேட்டருக்கு விட்டுவைப்போம் என்று தயாரிப்பாளரிடம் மன்றாடினேன். "இருக்கிற பேயை எல்லாம் போடுப்பா, பணம் போட்டது நான்" என்றார். போட்டேன். படம் வந்தபோது அந்த இடத்தில், "இதுதான் டிரெய்லர்லயே வந்துடுச்சே" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. உங்கள் விமர்சகர் 'இயக்குநருக்குக் கற்பனை வறட்சி' என்று தீர்ப்பு எழுதினார். நடந்ததை விளக்கி அப்போதே கடிதம் போட்டேன். இடப் பற்றாக்குறை போலும், வரவில்லை. அந்த வாரம் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு அரைப் பக்கம் கிடைத்திருந்தது.

கட்டுரையில் 'பொறுமையில்லாத எடிட்டிங்' என்றும் ஒரு திட்டு. சரி, பொறுமை இல்லாதது யாருக்கு? ஐந்து விநாடியில் தாண்டிப் போகும் பொத்தானைக் கையில் கொடுத்த பிறகு, ஆரம்பத்திலேயே ஒரு திடுக்கிடலை வைக்காவிட்டால் மீதியை யார் பார்ப்பார்கள்? டிரெய்லருக்கே ஒரு குட்டி டிரெய்லரை முன்னால் ஒட்டச் சொல்கிறார்கள். அடியை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் எங்கே பதற்றத்தை ஏற்றுவது? பெரும்பாலும் செல்போனில் பார்க்கிறார்கள் என்பதால் இன்னொரு தொல்லை. தியேட்டரில் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிற அடித்தொண்டை உறுமல் போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதே உறுமலுக்கு மேல்ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்துத் தனியாக ஒரு மிக்ஸ் செய்கிறோம். இதை எழுத உங்களுக்கு எப்போது இடம் இருந்தது?

எல்லாவற்றையும்விட வலித்தது ரசிகர்களை 'சத்தத்துக்குத் துள்ளும் கூட்டம்' என்று எழுதியதுதான். டிரெய்லர் ஓடும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை, சுவரோரம் நின்று ஜனங்களைப் பார்ப்பேன். புதிதாக வருகிறவர்கள் கண்ணை மூடுவார்கள், விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே. பழகியவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காதைப் பொத்துவார்கள். பயம் எந்த வழியாக வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த நிமிடம் பக்கத்தில் இருப்பவரின் கையைக் கிள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். தனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்டே பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது, கூட்டத்தோடு பயந்தால் அது இரட்டிப்பு. 2009இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை விற்றவர்களுக்கு இது புரிந்திருந்தது. படத்தைக் காட்டியது கொஞ்சம்தான். இருட்டில் உட்கார்ந்து அலறுகிற பார்வையாளர்களைத்தான் டிரெய்லரில் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் நாமும் இருக்க வேண்டும் என்று ஜனங்கள் கிளம்பி வந்தார்கள்.

தலையங்கங்களில் வாசகரை மதிப்பது பற்றி அழகாக எழுதுகிறீர்கள், நானும் ரசித்துப் படிப்பவன். சினிமா பக்கத்துக்கு வரும்போது மட்டும் அது எங்கே போகிறது?

கட்டுரைக்கு மேலே நீங்கள் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்த படத்தையும் சொல்ல வேண்டும். இன்னும் வெளிவராத ஒரு படத்தின் டிரெய்லரில், பெயர் போட்டு முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு ஒரு கணம் வந்து போகிற முகம் அது. இரண்டு நிமிடம் அதை ஒளித்து வைக்க யாரோ ஒருவர் பாடுபட்டிருப்பார். (நான் இல்லை. அது வேறு ஒருவரின் வேலை, நல்ல வேலை.) நீங்கள் அதை வழவழப்புத் தாளில் வண்ணத்தில் அச்சடித்துவிட்டீர்கள்.

என் வேண்டுகோள் சின்னதுதான். மறுப்பு வேண்டாம், வருத்தமும் தெரிவிக்க வேண்டாம். படம் வெளியாகும் வரைக்கும் டிரெய்லரின் கடைசிக் காட்சியைப் பக்கத்தில் போடாதீர்கள். போஸ்டர் இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

இதைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். இப்போது நான் கட் செய்துகொண்டிருப்பதும் அதே தயாரிப்பாளரின் படம்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்