பிழைத்துவிட்டார் என்றால் கேள்வி முடிந்துவிடுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். மருத்துவத் தொலைக்காட்சித் தொடர்களை வைத்துத் தத்துவம் பேசலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 'ஹவுஸ்' தொடரை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. ஆனால் 'எல்லோரும் பொய் சொல்கிறார்கள்' என்ற டாக்டர் ஹவுஸின் பிரபல வசனத்தில் தொடங்கிய கட்டுரை, அவருடைய மற்ற வசனங்களுக்குப் போய், அவரை சாக்ரடீஸோடு ஒப்பிட்டு முடிந்துவிட்டது. எனக்கு அங்கேதான் மனக்குறை. வசனங்களை விட, அவர் செய்கிற காரியங்களில்தான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அவற்றை நாம் எதை வைத்து மன்னிக்கிறோம் என்பதில் இன்னும் அதிகமாக இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறவள் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. டேவிட் ஷோர் உருவாக்கிய இந்த அமெரிக்கத் தொடர் 2004 முதல் 2012 வரை 8 சீசன்கள் ஓடியது. ஹியூ லாரி நடித்த கிரிகரி ஹவுஸ், யாராலும் கண்டுபிடிக்க முடியாத நோய்களைக் கண்டுபிடிப்பவர். ஷெர்லாக் ஹோம்ஸின் சாயலில் அமைக்கப்பட்ட பாத்திரம். ஓயாத கால்வலி, கைத்தடி, வலி மாத்திரைக்கு அடிமை, யாரிடமும் மரியாதை கிடையாது.

2005இன் தொடக்கத்தில் ஒளிபரப்பான 'டி.என்.ஆர்.' ('உயிர்ப்பிக்க முயல வேண்டாம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜாஸ் இசைக்கலைஞர் நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வருகிறார். நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய் அவருக்கு இருப்பதாக முன்பே சொல்லிவிட்டார்கள். இனி ஆயுளை நீட்டிப்பதில் அர்த்தமில்லை என்று முடிவெடுத்து, தன்னை உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். நோயின் பெயரே தவறு என்று ஹவுஸுக்குச் சந்தேகம். மூச்சு நிற்கப் போகும் நேரத்தில், படிவம் இருக்கிறது என்று தெரிந்தே, அவர் தொண்டையில் குழாயைச் செலுத்திவிடுகிறார் ஹவுஸ்.

அந்தக் குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது குரல்நாண்களுக்கு நடுவே மூச்சுக்குழாய்க்குள் போகிறது. அது உள்ளே இருக்கும்வரை நோயாளியால் ஒரு சொல் பேச முடியாது. மயக்க மருந்து கொஞ்சம் குறைந்தால் கண்ணைத் திறந்து நம்மைப் பார்ப்பார்கள், உதடு அசையும், சத்தம் வராது. கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டும் என்றால் ஒருமுறை அழுத்துங்கள், வேண்டாம் என்றால் இரண்டு முறை அழுத்துங்கள் என்று கேட்போம். ஆக, 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தவரை மீறியதோடு, மறுபடி 'வேண்டாம்' என்று வாயால் சொல்லும் வழியையும் ஹவுஸ் அடைத்துவிடுகிறார். தொடரில் இது சில நொடிகளில் கடந்துபோகிறது. நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு யோசித்தேன்.

ஹவுஸ் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தவறான தகவலை நம்பிப் போட்ட கையெழுத்து உண்மையான சம்மதமா? ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் இதற்குப் பொருத்தமான ஒரு உதாரணம் இருக்கிறது. உடையப் போகிற பாலத்தில் ஒருவர் ஏறப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை. அவரைப் பிடித்து இழுத்து நிறுத்துவது அவருடைய சுதந்திரத்தில் கைவைப்பது ஆகாது, ஏனென்றால் ஆற்றில் விழ வேண்டும் என்பது அவர் விருப்பமல்ல. ஹவுஸ் செய்ததும் இதுதான் என்று முதலில் தோன்றும். ஆனால் மில் அதோடு நிறுத்தவில்லை. பாலம் உடையும் என்பது உறுதியாக இல்லாமல் அபாயம் மட்டுமே இருந்தால், எச்சரிக்கலாம், பலவந்தமாகத் தடுக்கக் கூடாது என்கிறார். ஹவுஸிடம் அன்றைக்கு இருந்தது வெறும் சந்தேகம். நிரூபணம் எதுவும் கையில் இல்லை.

அப்புறம் கதை என்ன செய்கிறது? நோய் ஏ.எல்.எஸ். இல்லை என்று தெரிகிறது. தண்டுவடத்தில் இருந்த ரத்தக்குழாய்க் கோளாறு கண்டுபிடிக்கப்படுகிறது, அறுவை சிகிச்சை நடக்கிறது, நோயாளி எழுந்து நடக்கிறார். பார்க்கிற நமக்கு மனசு நிறைந்துவிடுகிறது. செய்தது சரியா என்ற கேள்வி அந்த நிறைவில் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் எழுதிய கட்டுரைகளில் இந்தச் சிக்கலைத்தான் அலசினார்கள். நேகல் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்கிறவர். குழந்தை எதுவும் குறுக்கே வராவிட்டால் அவரைக் கவனக்குறைவானவர் என்பதோடு விட்டுவிடுவோம். குழந்தை வந்துவிட்டால், அதே ஓட்டுநர், அதே கவனக்குறைவு, ஆனால் அவர் மேல் விழும் பழி வேறு. அவர் கையில் இல்லாத ஒன்று அவருடைய குற்றத்தின் அளவைத் தீர்மானித்துவிடுகிறது. ஹவுஸ் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். அதிர்ஷ்டம் ஒவ்வொரு முறையும் வந்து அவரைக் காப்பாற்றுகிறது. அது அதிர்ஷ்டம் கூட இல்லை, கதாசிரியர்.

அதனால் நான் ஒரு காரியம் செய்கிறேன், கட்டுரையாளரும் வாசகர்களும் செய்து பார்க்கலாம். எந்தப் பகுதியாக இருந்தாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன் நிறுத்திவிடுங்கள். நோயாளி பிழைத்தாரா என்று தெரியாத அந்த இடத்தில் இருந்துகொண்டு, டாக்டர் செய்தது சரியா என்று முடிவெடுங்கள். அதன் பிறகு மீதியைப் பாருங்கள். முடிவு மாறுகிறது என்றால், நாம் இதுவரை எடை போட்டது டாக்டரின் செயலை அல்ல, அதன் விளைவை மட்டும்தான் என்று தெரிந்துவிடும். எங்கள் வேலையில் இது அன்றாடப் பிரச்சினை. குழாய் போடலாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் கடைசி ஐந்து நிமிடம் யாருக்கும் தெரியாது. ஆனால் பிறகு எங்களைப் பாராட்டுவதும் திட்டுவதும் அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான்.

கட்டுரையாளர் 'த்ரீ ஸ்டோரீஸ்' பகுதியைத் தொடவே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். அதை எழுதியதற்காக ஷோருக்கு 2005இல் எம்மி விருது கிடைத்தது. ஹவுஸின் கால் எப்படி இப்படி ஆனது என்ற கதை அதில்தான் வருகிறது. தொடையில் ரத்த ஓட்டம் அடைபட்டுத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. காலை எடுத்துவிடலாம் என்கிறார்கள், அவர் மறுக்கிறார். வலி தாங்காமல் தன்னை மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கச் சொல்கிறார். அவர் நினைவின்றிக் கிடக்கும்போது, அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை கொண்ட காதலி ஸ்டேசி, செத்த தசையை வெட்டியெடுக்கும் நடுவழி அறுவைக்குச் சம்மதிக்கிறார். அப்படியொன்றை ஹவுஸ் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று ஸ்டேசிக்குத் தெரியும். உயிர் பிழைத்தது, காலும் மிஞ்சியது, ஆயுளுக்கும் வலி. அவர் ஸ்டேசியை மன்னிக்கவும் இல்லை.

இதைப் பார்த்துவிட்டு மறுபடி அந்த இசைக்கலைஞரின் கதைக்குப் போங்கள். தன் 'வேண்டாம்' மிதிக்கப்பட்டதை மன்னிக்காதவர், இன்னொருவரின் 'வேண்டாம்' மேல் ஏறிப் போகிறார். ஹவுஸ் அங்கே ஸ்டேசியின் இடத்தில் நிற்கிறார். அவர் செய்தது சரி என்றால் ஸ்டேசி செய்ததும் சரி. ஸ்டேசி செய்தது தவறு என்றால்? தொடர் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வேலை நம்முடையது.

ஆறாம் சீசனின் 'தி டைரன்ட்' பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஹவுஸின் குழுவில் உள்ள டாக்டர் சேஸ், தன் நாட்டு மக்களைக் கொன்று குவிக்கத் துணிந்த ஒரு சர்வாதிகாரிக்குச் சிகிச்சை தருகிறார். வேண்டுமென்றே ரத்தப் பரிசோதனையை மாற்றி, தவறான சிகிச்சைக்கு வழி செய்து, அவரைச் சாகவிடுகிறார். ஒருவர் சாவதால் பல்லாயிரம் பேர் பிழைப்பார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரிதான் என்று நமக்கு உறுதி சொல்லக் கதையில் யாரும் இல்லை. அந்தக் கொலை சேஸின் மனத்தையும் திருமணத்தையும் அரித்துக்கொண்டே போகிறது. இறுதியில் மனைவி கேமரன் அவரை விட்டுப் பிரிகிறார். 'டி.என்.ஆர்.' தராத நேர்மையை இந்தப் பகுதி தருகிறது. காப்பாற்றப்பட்டவர்கள் வந்து கைகுலுக்கி சேஸின் பாரத்தை இறக்கிவைப்பதில்லை.

'எல்லோரும் பொய் சொல்கிறார்கள்' பற்றிக் கட்டுரையாளர் ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டை இழுத்தது சரிதான். கொலைகாரன் வாசலில் வந்து, தான் தேடும் ஆள் எங்கே என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797இல் வாதாடியவர் அவர். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்ற வள்ளுவரையும் எதிரே நிறுத்தியிருந்தால் விவாதம் இன்னும் சூடாகியிருக்கும். ஆனால் வள்ளுவரின் நிபந்தனை கடுமையானது என்பதை மறக்கக் கூடாது. அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, தொடரின் மேல் எனக்குள்ள நிஜமான கோபம். செவிலியர்கள் அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ரத்தம் எடுப்பது, மருந்து ஏற்றுவது, இரவெல்லாம் பக்கத்தில் இருப்பது எல்லாவற்றையும் டாக்டர்களே செய்கிறார்கள். நோயாளி தன் பயத்தை யாரிடம் சொல்வார் என்ற கேள்வியே அதனால் விடுபட்டுப் போகிறது. நோயைப் புதிராகப் பார்க்கும் கண் மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கண்ணுக்குப் படிவம் ஒரு தடையாகத் தெரிவதில் வியப்பில்லை.

கட்டுரையாளர் இதைத் தொடர்ந்து எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்ததாக மூன்றாம் சீசனின் 'ஒன் டே, ஒன் ரூம்' பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் ஹவுஸிடம் மட்டும்தான் பேசுவேன் என்கிறார். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் ஹவுஸ் திணறுகிறார், கண்டுபிடிக்க அங்கே நோய் எதுவும் இல்லை. அதே பகுதியில், வீடில்லாத ஒரு மனிதர், யாராவது ஒருவர் தன்னை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக, வலி மருந்தை மறுத்துவிட்டு வலியோடு சாகிறார். டாக்டர் கேமரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனிதரின் விருப்பத்தை மதித்து மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது கருணையா? எங்கள் பிரிவில் நாங்கள் இதைப் பற்றிப் பேசி இன்னும் முடிக்கவில்லை. கட்டுரையாளர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்