ஐந்து ஆண்டு அனுமதியும் ஒரு தண்ணீர்க் குழாயும்: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் 200 வார்டுகளுக்கும் பொறுப்பேற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உங்கள் வார்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொது நிலங்களில் ஒன்றையாவது, அதைச் சுற்றி வாழ்கிறவர்கள் சேர்ந்து பயிர்செய்யும் தோட்டமாக மாற்ற அனுமதி கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நுழைவு வளைவு வேண்டாம், நீரூற்று வேண்டாம், கோடிக்கணக்கில் டெண்டர் விட வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு எழுத்தில் ஓர் உத்தரவும், ஒரு தண்ணீர்க் குழாயும் கொடுத்தால் மற்றதை மக்களே பார்த்துக்கொள்வார்கள்.

நிலத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வராது. ஓ.எஸ்.ஆர். என்று அலுவலகத்தில் சொல்லும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்கள் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனையில் திட்ட அனுமதி கேட்கிறவர், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 சொல்வது இது. இப்படி வந்த நிலங்களில் பல இன்று நல்ல பூங்காக்களாக இருக்கின்றன. பல அப்படி ஆகவில்லை. கம்பிவேலி, ‘இந்த இடம் மாநகராட்சிக்குச் சொந்தமானது’ என்ற துருப்பிடித்த பலகை, உள்ளே சீமைக் கருவேலம், யாரோ இரவில் லாரியில் கொண்டுவந்து கொட்டிய இடிபாட்டுக் கல், உடைந்த டைல்ஸ், பழைய டயர். ஐப்பசி மழையில் அந்த டயரிலும் இளநீர்க் கூட்டிலும் தேங்குகிற தெளிந்த நீரில்தான் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்த நிலம் தரும் பலன் இன்றைக்கு இதுதான்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘காலி இடம்’ என்று நாம் சொல்கிற எதுவும் காலியாக இல்லை. பையன்கள் ஓர் ஓரத்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அயர்ன் வண்டிக்காரர் வேப்பமர நிழலில் நிற்கிறார். பக்கத்துக் குடியிருப்பில் மொட்டை மாடி இல்லாத வீட்டுப் பெண்கள் வேலியில் துணி காயப்போடுகிறார்கள். மதியம் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் கண்ணயர்கிறார்கள். தோட்டம் என்ற பெயரில் இவர்களை அப்புறப்படுத்துவதாக இருந்தால், அந்த நிலம் இப்படியே கிடப்பது மேல். முதல் கூட்டத்துக்கு முதலில் கூப்பிட வேண்டியவர்கள் இவர்கள். ஆடுகளத்துக்கும் கொடிக்கயிற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு மீதியில்தான் பாத்தி பிரிக்க வேண்டும்.

உலகத்தில் இந்த வேலையை முயன்று பார்த்த ஊர்கள் நிறைய. அவற்றின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றே. மண்ணாலோ பணத்தாலோ அழிந்த தோட்டங்களைவிட, கையில் ஒழுங்கான காகிதம் இல்லாமல் அழிந்த தோட்டங்களே மனத்தை உறுத்துகின்றன.

நியூயார்க் 1970களில் திவாலின் விளிம்பில் இருந்தது. வீட்டுக்காரர்கள் கைவிட்ட கட்டடங்கள் இடிந்தும் எரிந்தும் மனைகள் குப்பைமேடாயின. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவர் நண்பர்களும் மன்ஹாட்டனில் பௌரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் இருந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து பாத்தி கட்டினார்கள். மறு ஆண்டே நகர நிர்வாகம் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது. 1978இல் இதற்கென்றே ‘கிரீன்தம்ப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. இன்று அதன் கீழ் 550க்கு மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. ஆனால் இடையில் 1999இல், நிலத்தின் விலை ஏறியதும், நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடப்போவதாக அதே நகரம் அறிவித்தது. இரண்டு அறக்கட்டளைகள் கடைசி நேரத்தில் பணம் திரட்டி வாங்கியதால்தான் அவை பிழைத்தன. வாடகை ஒரு டாலராக இருந்ததில் குறையில்லை. எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்ததுதான் குறை.

லாஸ் ஏஞ்சலிஸில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1992 கலவரத்துக்குப் பின் 14 ஏக்கர் நகர நிலத்தில், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து குடியேறிய சுமார் 350 குடும்பங்கள் சோளமும் கள்ளியும் வாழையும் வளர்த்தன. 2003இல் நகரம் அந்த நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே விற்றது. 2006 ஜூனில் காவல்துறை வந்து மக்களை வெளியேற்றியது, புல்டோசர் மரங்களைச் சாய்த்தது. அதன்பிறகு அந்த இடம் ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடந்தது. பத்து ஆண்டுக்கு மேல் உழைத்தவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் போனார்கள்.

பெர்லினில் மொரிட்ஸ் சதுக்கத்தின் ஓரத்தில், போருக்குப் பின் அறுபது ஆண்டுக்கு மேல் தரிசாகக் கிடந்த ஏறத்தாழ ஒன்றரை ஏக்கரில் 2009இல் ஒரு தோட்டம் தொடங்கியது. குத்தகை குறுகிய காலம் என்பதாலும் நகர மண்ணை நம்ப முடியாததாலும், ரொட்டிக்கடைப் பெட்டியிலும் அரிசிச் சாக்கிலும் பால் அட்டையிலும் செடி வைத்தார்கள். வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா! 2012இல் நகரம் அந்த இடத்தை விற்கப் பார்த்தபோது 30,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டுத் தடுத்தார்கள்.

வெளியூர்க் கதை எதற்கு என்று தோன்றினால் கோட்டூர்புரத்துக்குப் போய் வாருங்கள். அடையாற்றங்கரையில் குப்பையும் கழிவுமாகக் கிடந்த அரசு நிலத்தை 2006 முதல் ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக வளர்த்திருக்கிறார்கள். இந்த மண்ணுக்குரிய மரங்கள் அங்கே நிற்கின்றன. நிலம் இன்றும் அரசினுடையதுதான். பராமரிப்பில் மக்களின் கை இருக்கிறது. சென்னையில் நடக்குமா என்று இனியும் யாரும் கேட்க வேண்டியதில்லை.

இனி மண்ணைப் பற்றி. இதில் அவசரம் கூடாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இடிபாடு கொட்டிய நிலத்தில் சுண்ணாம்பும் சிமெண்ட்டும் சேர்ந்து மண் காரமாகியிருக்கும். அதில் இலை மஞ்சளாகும், செடி தேறாது. அது கூடப் பெரிய ஆபத்தில்லை. ஈயம்தான் ஆபத்து. பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் இடம், காயலான் கடை, பெருஞ்சாலை ஓரம் ஆகியவற்றில் ஈயம் மண்ணில் தங்கியிருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியா முழுவதும் நின்றதே 2000இல்தான். அதற்கு முன் படிந்தது எங்கும் போய்விடாது. ஆகவே எந்த நிலமானாலும் அதில் முன்பு என்ன நடந்தது என்று அங்கே நெடுங்காலம் வாழ்ந்தவர்களிடம் விசாரிக்க வேண்டும். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது சத்தும் உப்பும் மட்டும் பார்த்தால் போதாது, ஈயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முடிவு வரும்வரை தரையில் கீரை போட வேண்டாம். ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் அடுக்கி வெளிமண் நிரப்பிய மேட்டுப்பாத்தியிலோ சாக்கிலோ வளர்க்கலாம். ஈயம் மிகுந்திருந்தால் காய்கறியே வேண்டாம். பூச்செடியும் நிழல் மரமும் புல்லும் வைத்து மண்ணை மூடிவிட்டால், குழந்தைகள் கையிலும் மூச்சிலும் அந்தத் தூசி ஏறாது.

உரத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் பெரும்பங்கு மக்குகிற பொருள். நான்கு தெருக் காய்கறிக் கழிவையும் சருகையும் அந்த மூலையிலேயே மக்கவைத்தால் அவ்வளவு பாரம் லாரியில் ஏறாது. தண்ணீரும் அப்படித்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. 1,000 சதுர மீட்டர் மனையில் மட்டும் 14 லட்சம் லிட்டர் விழுகிறது. 2015 டிசம்பரையும் 2019 கோடையையும் பார்த்தவர்கள் நாம். மழையை உறிஞ்சிக்கொள்கிற மண் ஒவ்வொரு தெருவுக்கும் கொஞ்சமாவது வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோடைக்கு மட்டும் குழாய் வேண்டும். குழாய் இல்லாத தோட்டம் சித்திரையைத் தாண்டாது.

உங்களில் சிலர் தயங்குவது எனக்குப் புரிகிறது. இன்றைக்குத் தோட்டம் என்பார்கள், நாளைக்குக் கொட்டகை போடுவார்கள், மறுநாள் பட்டா கேட்பார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு உத்தரவிலேயே வழி வைக்கலாம். நிலத்தின் உரிமை மாநகராட்சிக்கே. தோட்டக் குழுவுக்குப் பராமரிக்கும் அனுமதி மட்டுமே. கருவி வைக்கும் சிறு அறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது. கோயிலோ கொடிக்கம்பமோ கட்சி அலுவலகமோ கூடாது. பாத்தியைக் கைமாற்றக் கூடாது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுக்குள் வேறு காரணம் சொல்லித் திரும்ப எடுக்கவும் கூடாது. யோசித்துப் பார்த்தால், ஆக்கிரமிப்பாளர் வருவது யாரும் பார்க்காத நிலத்துக்குத்தான். தினமும் காலையில் நாற்பது பேர் வந்துபோகிற நிலத்தில் ஒரு செங்கல் வைக்க அவர்களால் முடியாது. சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே தனிச்சட்டம் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

காய் களவு போகும் என்பார்கள். போகும். வேலியோரம் முழுக்க முருங்கையும் கறிவேப்பிலையும் அகத்தியும் வைத்து, வழிப்போக்கர் பறித்துக்கொள்ளட்டும் என்று எழுதிவைப்பதே நல்லது. நாலு கொத்துக் கறிவேப்பிலைக்குப் பூட்டு போடுவதில் என்ன இருக்கிறது?

பாதுகாப்பைப் பற்றி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பை அகற்றிப் புல்லும் மரமும் வைத்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். சுத்தம் செய்த மனைகளைச் சுற்றி, ஏழ்மை மிகுந்த பகுதிகளில், துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்ததாக 2018இல் முடிவு வெளியானது. நம் ஊரின் தொல்லை வேறு வகைதான். ஆனால் இருட்டிய பின் அந்த வேலியோரம் தனியாக நடந்து டியூஷனிலிருந்து வீடு திரும்பும் ஒரு பெண்பிள்ளைக்கு, அங்கே விளக்கும் ஆள் நடமாட்டமும் இருந்தால் என்ன மாற்றம் என்பதை யாரும் ஆய்ந்து சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு உண்மையாகவே உள்ள கவலை வேறு. இந்தத் தோட்டம் அடுக்குமாடி நலச்சங்கத்தின் தனிச்சொத்தாகிவிடக் கூடாது. பக்கத்துக் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து வருகிறவரை ‘நீங்க எந்த பிளாக்?’ என்று வாசலில் நிறுத்திக் கேட்கும் காவலாளி அங்கே இருக்கக் கூடாது. சாவி இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாகவும், பாதிப்பேர் சொந்தமாக நிலமோ மாடியோ இல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும். இன்னொன்று: மக்குக்குழியைக் கிளறவும் குப்பை அள்ளவும் தூய்மைப் பணியாளரைக் கூப்பிட்டுவிட்டு, கத்தரிக்காய் பறிக்க மட்டும் நாம் கூடை எடுத்துப் போவதென்றால், அந்தத் தோட்டத்தைத் தொடங்கவே வேண்டாம். குழிவேலைக்கும் முறை வைத்து எல்லா வீட்டாரும் இறங்க வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் வர விரும்பினால், அவர்களுக்கும் ஒரு பாத்தி, மற்றவர்களைப் போலவே.

மாநகராட்சி 2020 முதல் பல இடங்களில் மியாவாக்கி முறையில் அடர்ந்த சிறு காடுகளை வளர்த்துவருகிறது. நல்ல முயற்சிதான். ஆனால் அதற்குள் மனிதர் போக முடியாது. ஒரு பாட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கவும், கிராமத்திலிருந்து வந்து இருபது ஆண்டு மண்வெட்டியைத் தொடாத ஒருவர் பையன்களுக்குப் பாத்தி கட்டச் சொல்லிக்கொடுக்கவும் வேறு வகை இடம் வேண்டும். மண்ணை அறிந்தவர்கள் இந்த நகரத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய அந்த அறிவை இதுவரை நகரம் ஒருநாளும் கேட்டதில்லை.

வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் ஏரியா சபைக்கும் விதிகள் 2022இல் வந்துவிட்டன. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் உங்கள் வார்டிலுள்ள ஓ.எஸ்.ஆர். நிலங்களின் பட்டியலை, இடமும் பரப்பளவும் குறிப்பிட்டு, எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவையுங்கள். எதில் தோட்டம் போடலாம் என்று சபையே தேர்ந்தெடுக்கட்டும். அந்தத் தீர்மானத்தை மாமன்றத்துக்குக் கொண்டுபோய் ஐந்து ஆண்டு அனுமதியாக்கித் தாருங்கள். இடிபாட்டை ஒருமுறை அகற்றிக் கொடுப்பதும், மண் பரிசோதனையும், குழாயும் உங்கள் பொறுப்பு. ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டுமானால் வைகாசிக்குள் இடம் சுத்தமாகியிருக்க வேண்டும். மேட்டுப்பாத்திக்கு மண் நிரப்பி ஆறவிட ஒரு மாதமாவது ஆகும். அதனால் பட்டியல் பங்குனிக்கு முன்பே வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்