இசைக்கருவி செய்வோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. உளி தீட்டும் பயிற்சி ஒருநாள் நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

விரிவாகச் சொல்ல வேண்டியது, உறுப்பினர்களிடம் உள்ள மரங்களைக் குறித்துவைக்கும் மரப் பதிவேட்டைப் பற்றி. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் மரங்களின் டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அறுத்த பலகையைப் பார்த்து எந்த இனம் என்று பிரித்தறிவது கடினம் என்பது அதற்கு ஒரு காரணம். 2019 நவம்பர் 26 முதல் வேலை முடிந்த கருவிகளுக்கும், அப்படியே பொருத்தத் தயாரான பாகங்களுக்கும் விலக்கு வந்தது. சட்டமே போய்விட்டதாக நம்மில் பலர் எடுத்துக்கொண்டோம். பலகைக்கும் கட்டைக்கும் அந்த விலக்கு இல்லை. 1992 முதல் அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்குக் கருவியானாலும் இல்லை.

நம் உறுப்பினர் ஒருவர் அனுப்பிய, இழைக்காத விரல்பலகைக் கட்டைகள் சுங்கத்தில் நின்றுவிட்டன. அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. தாளில் 'ரோஸ்வுட்' என்று மட்டும் இருந்தது. அறிவியல் பெயரும் இல்லை, வாங்கிய ரசீதும் இல்லை. நேர்மையாக வாங்கிய மரம்தான், காட்டத்தான் எதுவும் இல்லை. அப்பா பரணில் போட்டுவைத்த பலகை 1992க்கு முந்தியது என்றாலும் வாய்ச்சொல் செல்லாது. ரசீது, நாள் தெரியும் படம், அளவு, எடை எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். 42 பேரில் 13 பேர் மரத்தைக் காட்டினார்கள். சிலர் 'யாருக்குத் துப்புக் கொடுக்கிறீர்கள்?' என்று கேட்டது இன்னும் உறுத்துகிறது. விளக்கக் கூட்டத்துக்கு மூன்று முறை தேதி மாற்றியும் ஒன்பது பேர்தான் வந்தார்கள். வயலின் வில் செய்பவர்களில் ஒருவரும் வரவில்லை. அவர்கள் வில்லுக்குப் பயன்படுத்தும் பெர்னாம்புகோ மரமும் 2007 முதல் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது.

வரவுசெலவுக் கணக்கு பொருளாளரிடம் உள்ளது. சிறு தொகை இருப்பு. சந்தா பாக்கி அதைவிடப் பெரிது. எடைத் தராசும் உருப்பெருக்கியும் என் கைக்காசில் வாங்கியவை.

இடம் தந்தவருக்கும் தணிக்கையாளருக்கும் செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் பதிவேட்டை நான் ஒருவனாக இழுக்க முடியாது. இளைய உறுப்பினர் இருவர் வந்தால் மீதி 29 பட்டறைகளையும் முடித்துவிடலாம். ஞாயிறு காலைகளில் சங்க அறையில் இருப்பேன். ரசீதோடு வருபவர்கள் சந்தாவையும் கொண்டுவந்தால் ஒரே நடையில் இரண்டும் முடியும்.

செயலாளர்