பரணியும் ஒரு சித்திரக்கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சூப்பர் ஹீரோ கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்றும், அவற்றில் வரும் இரத்தக்களரி வாசகரை இழுப்பதற்கான மலிவான உத்தி என்றும் தங்கள் பத்திரிகையில் அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதலாவது குற்றச்சாட்டைப் பெரும்பாலும் ஏற்கிறேன். இரண்டாவதற்கு விதிவிலக்காக, ரொபர்ட் கேர்க்மன் எழுதிய 'இன்வின்சிபிள்' என்ற அமெரிக்கச் சித்திரக்கதைத் தொடரைச் சொல்ல வேண்டும்.

2003 இல் தொடங்கி 2018 இல் 144ஆவது இதழுடன் நிறைவுற்ற அத்தொடரின் கரு புதியதன்று. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து பூமியைக் காக்கும் தந்தை, மானிடத் தாய், பதின்வயதில் பறக்கும் ஆற்றல் பெறும் மகன் என்ற இந்த அமைப்பின் சாயல்களை, 1938 இல் சூப்பர்மேன் தோன்றியது முதல் எத்தனையோ கதைகளில் கண்டுவிட்டோம். தந்தை உண்மையில் தம் பேரரசுக்காகப் பூமியைக் கைப்பற்ற வந்தவர் என்று தெரிந்து மகன் அவரோடு மோதும் கட்டம்கூட, மகாபாரதத்தில் மகன் பப்பிரவாகனன் தந்தை அருச்சுனனை வீழ்த்திய கதை கேட்டு வளர்ந்த நமக்குப் பெரிய அதிசயமல்ல.

ஆனால் பழைய கரு என்பது எப்போது குறையாயிற்று? ஆயிரம் யானைகளைப் போரில் வென்ற வீரனைப் பாடுவதே பரணி என்று இலக்கணம் வகுத்தவர்கள் நாம். வெற்றி யாருக்கு என்று தெரிந்தே கலிங்கத்துப்பரணியைப் படிக்கிறோம். போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அட்டு உண்ணும் பகுதியை வகுப்பறையில் சுவைத்து நடத்துகிறோம். (மாணவனின் கையில் சித்திரக்கதையைக் கண்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.)

தொடரின் பெரும்பகுதியை வரைந்த ரயன் ஒட்லியின் சண்டைப் பக்கங்கள் கோரமானவை. நான் அவற்றை விரும்பியே படித்தேன். பரணி வென்றவனை வாழ்த்தி முடிந்துவிடும். இங்கே வென்றவனும் தப்புவதில்லை. கணவன் நீங்கிய பின் தாய் குடியில் மூழ்குகிறாள். தாயையும் கைக்குழந்தையான தம்பியையும் துன்புறுத்தியவனை அடித்து நொறுக்கிய மகன், கொன்றுவிட்டோமே என்று தன் கைகளைக் கண்டே நடுங்குகிறான். அடுத்த இதழோடு அது மறக்கப்படுவதுமில்லை. மாடிக் கட்டடங்கள் சரிந்தும் ஒருவர்கூட இறக்காத கதைகள்தான் எனக்குப் பொய்யாகப் படுகின்றன. குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் வாழும் திருகோணமலையில், சுவர் இடிந்தால் அதன் கீழ் யாரேனும் இருப்பார்கள் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. நடுப்பகுதியில் வரும் விண்வெளிப் போர் நீண்டுகொண்டே போய், இரத்தம் வெறும் சிவப்பு மையாகிவிடுகிறது.

சித்திரக்கதை என்பதாலேயே இத்தகைய நூல்களைச் சிறுவர் பகுதியில் அடுக்கும் வழக்கத்தை நூலகங்களும் புத்தகக் கடைகளும் கைவிட வேண்டும். பளிச்சென்ற நிறங்களைக் கண்டு பத்து வயதுப் பிள்ளைக்கு இதை வாங்க நினைக்கும் பெற்றோர், முதல் சில பக்கங்களை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது; ஏழாவது இதழைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.