ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன், எல்லாருக்கும் நன்றி

பழைய பிரிட்டிஷ் கைதிகளுக்கான கருணை மனுக்களைப் பற்றிய என் ஆய்வேட்டை நேற்று மதியம் சமர்ப்பித்துவிட்டேன். மடிக்கணினி திருடுபோனதிலிருந்து நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுதத் தெம்பில்லை.

முதல் நன்றி, லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் பக்கத்து மேசையில் இருந்த ஓர் அம்மாவுக்கு. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட தன் முன்னோர் ஒருவரைத் தேடி வந்தவர். 1819 முதல் 1839 வரை கைதிகளுக்காக வீட்டாரும் ஊராரும் உள்துறை அமைச்சருக்கு எழுதிய கருணை மனுக்கள் அங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. நான் எடுத்த படங்களெல்லாம் கணினியோடு போய்விட்டன என்று பேச்சுவாக்கில்தான் சொன்னேன். எந்தக் கட்டு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்று இரவே அந்தக் கட்டு முழுவதும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அவருக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு மனுதான், ஆனால் கூட இருந்தவர்களை விட்டுவர மனசு வரவில்லையாம். ஒவ்வொரு தாளையும் மடிப்பு பிரித்து முன்னும் பின்னும் எடுத்திருந்தார்.

பின்பக்கம்தான் முக்கியம், அதிகாரிகளின் முடிவு அங்கேதான் இருக்கும். ஆடு திருடியதற்காகக் கப்பலேற இருந்தவரின் மனைவி எழுதிக் கொடுத்த மனு ஒன்று. கீழே பாதிரியார், கடைக்காரர், எழுதத் தெரியாதவர்கள் போட்ட பெருக்கல் குறிகள், அப்புறம் ஆட்டைப் பறிகொடுத்த விவசாயியின் கையெழுத்தும்! தாளைத் திருப்பினால் 'நில்' (nil) என்று ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல், ஒன்றும் செய்வதற்கில்லை என்று அர்த்தம். பல மனுக்களின் பின்னால் இதேதான்.

தொழிற்சங்கம் சேர்ந்து ரகசிய உறுதிமொழி எடுத்ததற்காக நாடு கடத்தப்பட்ட, டால்படில் என்ற ஆங்கிலேயக் கிராமத்துப் பண்ணைத் தொழிலாளர்களுக்காக 1834இல் லண்டனில் பெரிய ஊர்வலமே போனது, 1836இல் மன்னிப்பும் கிடைத்தது. 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,62,000 பேர். ஆனால் அவர்களில் பலருக்காகக் கையெழுத்திட அவரவர் தெருக்காரர்களைத் தவிர யாருமில்லை. பலிக்காது என்று தெரிந்தும் கையெழுத்திட்ட அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

தன் பழைய கணினியைத் தந்த அறைத்தோழி, புரியாத கையெழுத்தைப் படித்துச் சொன்ன காப்பக ஊழியர்கள், சென்னையிலிருந்து ராத்திரியெல்லாம் விழித்திருந்து அத்தியாயங்களைத் திருத்திய நண்பர்கள், சமர்ப்பிக்கக் கூடுதல் அவகாசம் வாங்கித் தந்த என் பேராசிரியர், உங்கள் எல்லாருக்கும் கோடி நன்றி.

இந்த மனுக்களைத் தமிழில் கொண்டுவரப் போகிறேன். அந்த மனைவியின் மனுதான் முதலில், கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பெயரும் விடுபடாது. அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன், இதே காலத்தை ஆராய்கிறவர்களுக்குப் படங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். வேண்டுபவர்கள் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.