மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தமிழ் வகுப்புக்கும் முதியோர் கூட்டத்துக்கும் இடம் தேடி அலைகிறோம். பக்கத்துத் தெருவிலேயே அரசுப் பள்ளி மாலை முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. நம் நேட்டால் மாகாணத்தின் (இன்றைய குவாசுலு-நேட்டால்) பழைய பள்ளிகள் பல, இந்தியக் குடும்பங்கள் காசு சேர்த்து அரசு உதவியோடு எழுப்பியவை என்பதை நினைத்தால் மனம் இன்னும் வருந்துகிறது.

சட்டம் தடுக்கவில்லை. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், 20(2) பிரிவில், ஊர்ப் பயன்பாட்டுக்கு வளாகத்தைத் தரவும் கட்டணம் வாங்கவும் பள்ளியை நிர்வகிக்கும், பெற்றோர்களும் இடம்பெறும் ஆளுகைக் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. பணம் பள்ளிக்கே சேர வேண்டும். கட்டடத்தைக் குத்தகைக்கு விடுவது வேறு விஷயம். அதற்கு 36-ஆம் பிரிவின்படி மாகாணக் கல்வி அமைச்சரின் ஒப்புதல் தேவை.

ஏற்பாடு குலைவது பெரும்பாலும் சாவியிலும் கழிவறையிலும்தான். சாவி நாலு கைக்குப் போனால், அலாரம் போடாமல் போனவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரு கையெழுத்துப் பதிவேடு. வளாகம் முழுவதையும் திறக்க வேண்டாம்; மண்டபமும் வாயிலுக்கு அருகிலுள்ள ஒரு கழிவறைத் தொகுதியும் போதும், மற்றவற்றைப் பூட்டிவிடலாம். சமையல் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். திங்கள் காலை அவதிப்படுவது பிள்ளைகள்தான். துப்புரவுப் பணியாளரின் கூடுதல் நேர ஊதியத்தைக் கட்டணத்திலேயே சேர்க்காவிட்டால், அந்தச் சுமை சத்தமில்லாமல் அவர் தலையில் விழும். இது அநியாயம். மின்சாரத்தையும் கணக்கிடுங்கள்: 400 வாட் விளக்கு எட்டு, மூன்று மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 10 யூனிட்.

காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி அரசு பொறுப்பேற்பது பள்ளியின் சொந்த நடவடிக்கைகளுக்குத்தான். வெளிச் சங்கம் நடத்தும் நிகழ்ச்சியில் ஒருவர் வழுக்கி விழுந்தால், அந்தச் சங்கத்திடம் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர்கள் பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேட்டிலும் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டிலும் இல்லை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்வது கட்டாயம்.

பள்ளியின் ஆண்டு வரவுசெலவைப் பெற்றோர் கூட்டத்தில் வைக்க 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்; கூட்டத்துக்கு 14 நாள் முன்பே அதைப் பள்ளியில் பார்க்கலாம். மாலைப் பயன்பாட்டுக் கட்டணத்துக்கு அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பெற்றோர்கள் அப்போதே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்